இரசிகர் வாக்கும் பாடல்களின் தரவரிசையும்: இளைஞர் பாட்டுக்குழுக்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு பாடல் சிறந்ததா அன்றா என்பதைத் தீர்மானிப்போர் யார் என்ற வினா கலைத் திறனாய்வுக்குப் புதியதன்று. அரசவையும் மடமும் சங்கீத சபையும் அத்தீர்ப்பை வழங்கிய காலங்கள் இருந்தன. ஒலிப்பதிவும் வானொலியும் பாடலைச் சந்தைப் பண்டமாக்கிய பின்னர், இசைத்தொழில் வேறொரு விடையைக் கூறத்தொடங்கிற்று: மக்களே தீர்மானிக்கட்டும், அவர்கள் வாக்களிப்பர், நாம் எண்ணிச் சொல்வோம் என்பதே அவ்விடை. சனநாயகத்தின் குரலிற் பேசுவதால் இதனை மறுப்போர் உயர்குழாத்து மனப்பான்மையினர் எனப் பழிக்கப்படுகின்றனர். இதனை அப்படியே ஏற்போரோ, வாக்களித்தோர் யாவர், எத்தனை முறை வாக்களித்தனர், எண்ணியவர் யார் என்னும் வினாக்களைக் கேட்பதில்லை. அவற்றைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்வது, ஆங்கிலத்தில் 'போய் பாண்ட்' என வழங்கும் இளைஞர் பாட்டுக்குழுக்களின் உலகமாகும். நால்வர் ஐவர் முதல் பதினொருவர் வரை இளைஞர் சேர்ந்து பாடுவதும் ஆடுவதுமே இக்குழுக்களின் தொழில். அவர்கள் பெரும்பாலும் தாமாகக் கூடியவரல்லர். முகாமையாளர் ஒருவராலோ நிறுவனமொன்றாலோ தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். 1984இல் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் உருவாக்கப்பட்ட நியூ கிட்ஸ் ஒன் த புளொக், 1990இல் இங்கிலாந்தின் மாஞ்செஸ்ரரில் அமைக்கப்பட்ட ரேக் தற் ஆகியவை இவ்வகையின. இவற்றின் இரசிகருட் பெரும்பான்மையோர் பதின்வயதுப் பெண்களாதலின், இசைத் திறனாய்வாளர்கள் நெடுங்காலம் இவற்றை நகையாடி ஒதுக்கினர். அந்நகைப்பில் இசைபற்றிய தீர்ப்பு எவ்வளவு, சிறுமியரின் விருப்பத்தின்மீதான இளக்காரம் எவ்வளவு என்பது தனியே ஆராயத்தக்கது. எமக்கு இங்கு வேண்டியது பிறிதொன்று. இரசிகர் வாக்கு என்ற ஏற்பாடு தன் முழு வளர்ச்சியையும், முழுச் சீர்கேட்டையும் அடைந்தது இக்குழுக்களைச் சுற்றியே. ஆகையால் அதன் இயக்கத்தை இங்கே தெளிவாகக் காணமுடிகின்றது.

1998 செப்டெம்பரில் எம்.ரி.வி. தொலைக்காட்சி, நியூயோர்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து 'டோட்டல் ரிக்குவெஸ்ற் லைவ்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. வாரநாட்களில் ஒளிபரப்பான இந்நிகழ்ச்சியில், தொலைபேசி மூலமும் இணையத்தளம் மூலமும் நேயர் அளித்த வாக்குகளுக்கேற்பப் பத்துப் பாடற்காட்சிகள் வரிசைப்படுத்தப்பட்டன. 2008 நவம்பர் வரை அது நீடித்தது. அதன் உச்சக் காலத்தில் முதலிடத்துக்குப் போட்டியிட்ட முதன்மையான இரு குழுக்கள் பாக்ஸ்ட்ரீற் போய்ஸும் என்சிங்கும். இரு தரப்பு இரசிகரும் பகைநாட்டுப் படைகளைப்போல எதிரெதிரே நின்றனர். ஒரே பாடல் மாதக்கணக்காக முதலிடத்தில் இருந்துவிடாதபடி, 65 நாட்கள் வரிசையில் இருந்த பாடல் 'ஓய்வு' பெறும் என ஒரு விதியும் வகுக்கப்பட்டது. பின்னர் அந்நாட்கள் இன்னும் குறைக்கப்பட்டன. இவ்விதி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மக்கள் தீர்ப்பே இறுதியானது எனில், மக்கள் விரும்பும்வரை அப்பாடல் அங்கே இருந்திருக்கவேண்டும். வாக்கு உண்மையிலேயே சலிப்பின்றி ஒரே திசையில் விழுந்தபோது, நிகழ்ச்சிக்கு வேண்டிய புதுமையைக் காக்க நிலையம் குறுக்கிட்டது.

இதனினும் முக்கியமானது அப்போட்டியின் உள்ளமைப்பு. பாக்ஸ்ட்ரீற் போய்ஸ், என்சிங்க் என்னும் இரு குழுக்களையும் புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோவில் 1990களில் உருவாக்க முதலிட்டவர் லூ பேர்ள்மன் என்ற ஒரே மனிதர். இரு குழுக்களும் தமக்குரிய வருவாய் கிடைக்கவில்லை என்று அவர்மீது வழக்குத் தொடர்ந்தன. முதலீட்டாளரை ஏமாற்றிய வேறொரு பெரும் மோசடிக்காக 2008இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாக்ஸ்ட்ரீற் போய்ஸின் 'ஐ வோண்ட் இற் தற் வே' (1999), என்சிங்கின் 'இற்ஸ் கோனா பீ மீ' (2000) ஆகிய இரு பாடல்களின் ஆக்கத்திலும் சுவீடன் நாட்டவரான மக்ஸ் மார்ட்டினின் கை உண்டு. 1999இல் என்சிங்க் ஜைவ் நிறுவனத்துக்கு மாறியதும் இரு குழுக்களின் இசைத்தட்டுகளையும் வெளியிட்ட நிறுவனமும் ஒன்றாயிற்று. எனவே எந்தப் பக்கம் வாக்கு விழுந்தாலும் இலாபம் சென்றடையும் பெட்டி ஒன்றே. தெரிவு செய்யும் உரிமை இரசிகருக்கு இருந்தது. எவற்றுக்கிடையே தெரிவு செய்வது என்பதை வகுக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை.

வாக்கை விட்டு விற்பனைக் கணக்கை நம்பலாம் என்பாருமுளர். அதுவும் நேரான அளவுகோலன்று. 'ஐ வோண்ட் இற் தற் வே' இன்றுவரை இவ்வகைப் பாடல்களுள் மிகப் பரவலாக நினைவுகூரப்படும் ஒன்று. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகையின் நூறு பாடல் வரிசையில் அது ஆறாம் இடத்துக்கு மேற் செல்லவில்லை. காரணம் எளிது. கடைகளில் அதனைத் தனிப்பாடல் இறுவட்டாக நிறுவனம் விற்கவில்லை. பாடல் வேண்டுவோர் முழுத் தொகுப்பையும் வாங்கவேண்டும் என்பதே வணிக எண்ணம். ஆகவே விற்பனை வரிசையும் பாடலை மட்டும் அளப்பதில்லை. விற்பவரின் உபாயத்தையும் சேர்த்தே அளக்கின்றது.

இனி, வாக்கு எண்ணும் முறையைச் சிறிது நோக்குவோம். நூறு இரசிகர், மூன்று பாடல்கள் என்று ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு முதல் விருப்பம் துள்ளற் பாடல், அடுத்தது நினைவுப் பாடல், கடைசி காதற் பாடல். முப்பத்தைந்து பேருக்கு முதல் விருப்பம் காதற் பாடல், அடுத்தது நினைவுப் பாடல், கடைசி துள்ளற் பாடல். எஞ்சிய இருபத்தைந்து பேருக்கு நினைவுப் பாடல் முதலிலும் துள்ளற் பாடல் அடுத்தும் காதற் பாடல் இறுதியிலும் நிற்கின்றன. ஆளுக்கொரு வாக்கு, ஒரு பாடலுக்கு மட்டும் என்றால் துள்ளற் பாடல் நாற்பது வாக்குடன் வெல்லும். நினைவுப் பாடல் கடைசியாகும். ஆனால் பாடல்களை இரண்டிரண்டாக நிறுத்திப் பாருங்கள். நினைவுப் பாடலா துள்ளற் பாடலா என்று கேட்டால் அறுபது பேர் நினைவுப் பாடல் என்பர். நினைவுப் பாடலா காதற் பாடலா என்று கேட்டால் அறுபத்தைந்து பேர் நினைவுப் பாடல் என்பர். முதல் விருப்பத்துக்கு இரண்டு புள்ளி, இரண்டாவதற்கு ஒரு புள்ளி என்று கணித்தாலும் நினைவுப் பாடல் 125 புள்ளியுடன் முன்னிற்கும். துள்ளற் பாடலுக்கு 105, காதற் பாடலுக்கு 70. ஒரே நூறு பேரின் ஒரே விருப்பம். கேட்கும் முறை மாற, கடைசியாய் நின்றது முதலாவதாகின்றது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் போர்டா, கொண்டோர்சே ஆகிய இருவரும் தேர்தல்கள் பற்றி ஆராய்ந்தது இச்சிக்கலையே. இரசிகர் வாக்கெடுப்பை நடத்துவோர் பெரும்பாலும் 'ஒன்றைத் தெரிவு செய்க' என்ற முறையையே கைக்கொள்வர். எண்ணுவதற்கு இலகு என்பது ஒரு காரணம். தீவிரப் பற்றாளரைக் கொண்ட பாடலை அது உயர்த்தும், எல்லோருக்கும் ஓரளவு பிடித்த பாடலைத் தாழ்த்தும் என்பது அதன் விளைவு.

ஆளுக்கொரு வாக்கு என்ற வரம்பும் அகன்றுவிட்டால் நிலை இன்னும் மாறும். ஆயிரம் பேரில் 990 பேர் ஒரு பாடலுக்கு ஒவ்வொரு முறை வாக்களிக்க, எஞ்சிய பத்துப் பேர் மற்றொன்றுக்கு ஆளுக்கு நூறு முறை வாக்களித்தால், வெல்வது பத்துப் பேரின் பாடல். இத்தகைய வாக்கெடுப்பு எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதை அளக்கவில்லை. எத்தனை மணிநேரம் செலவிட ஆயத்தமாயுள்ளனர் என்பதையே அளக்கின்றது.

இவ்வுண்மையை எமது நாட்டு வானொலியோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி எப்போதோ கண்டுகொண்டது. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி தொகுத்தளிக்கத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வையே குறிப்பிடுகின்றோம். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிய அக்காலத்தில், பற்பசை விளம்பரத்தின் தயவில் பம்பாயில் ஒலிப்பதிவாகிக் கொழும்பிலிருந்து பரவிய அந்நிகழ்ச்சிக்கு நேயர் கடிதங்கள் வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கடிதங்களை மட்டும் எண்ணினால் ஒருவரே பலராக எழுதும் வாய்ப்பு உண்டு. எனவே இசைத்தட்டு விற்பனைக் கணக்கும் ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் கருத்தும் வரிசைக்கு ஆதாரமாகச் சேர்க்கப்பட்டன. அங்கே போட்டியிட்டவை திரைப்பாடல்கள்; இளைஞர் குழுக்களல்ல. எனினும், கூடிப் பேசி முடிவெடுக்கும் நேயர் மன்றத்தின் கருத்து, தனியொருவர் நூறு அட்டை எழுதுவதிலிருந்து தன்மையால் வேறானது என்பதை மறுக்க இயலாது.

கிழக்காசியாவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே பன்முறை வாக்கு தடுக்கப்படவேண்டிய குறையாக அன்றி வருவாய் தரும் ஊற்றாகக் கருதப்பட்டது. யப்பானில், இளம்பெண்களின் குழுவான ஏ.கே.பி. 48, 2009 முதல் 2018 வரை தன் உறுப்பினரை வரிசைப்படுத்த நடத்திய 'பொதுத்தேர்தலில்' வாக்குச்சீட்டு இறுவட்டுடன் வைத்து விற்கப்பட்டது. நூறு வாக்கு வேண்டுவோர் நூறு இறுவட்டு வாங்கினர். 2017இல் புக்குவோக்காவில் மலைப்பகுதியொன்றில் அக்குழுவின் 500க்கும் மேற்பட்ட இறுவட்டுகள் குப்பையாகக் கொட்டப்பட்டமை பொலிஸ் விவகாரமாயிற்று. பாடலை வரிசைப்படுத்தவெனப் பிறந்த வாக்கு, பாடலையே கழிவுப்பொருளாக்கிவிட்டதை இதனினும் தெளிவாகக் காட்டும் சம்பவத்தை நாம் அறியோம்.

தென் கொரியாவின் பி.ரி.எஸ். குழுவின் இரசிகர் இத்துறையில் உலகளாவிய ஒழுங்கமைப்பைப் பெற்றவர்கள். சமூக ஊடகக் கலைஞருக்கான பில்போர்ட் விருதை 2011 முதல் 2016 வரை ஜஸ்ரின் பீபர் பெற்றார்; 2017 முதல் 2021 வரை பி.ரி.எஸ். பெற்றது. 2021இல் 'பட்டர்' என்ற அவர்களின் பாடல் நூறு பாடல் வரிசையில் மொத்தம் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இடையில் ஒரு வாரம் அவர்களுடைய 'பெர்மிஷன் ற்று டான்ஸ்' அவ்விடத்தை எடுத்துக்கொள்ள, மறுவாரம் 'பட்டர்' மீண்டது. இணையவழி விலைக்கு வாங்கிய பிரதிகளே இதற்குப் பெரிதும் உதவின. அதன்பின் விதிகள் மாறின. 2022இல், ஒரு பாடலுக்கு ஒருவர் ஒரு வாரத்தில் வாங்கும் ஒரு பிரதியே கணக்கில் எடுக்கப்படும் என்றாயிற்று. 2023இல் கலைஞர் தம் சொந்த இணையக் கடைகளில் விற்கும் பிரதிகள் விலக்கப்பட்டன. இவ்விரசிகர் செய்ததை 'மோசடி' எனச் சிலர் எழுதினர். நாம் அச்சொல்லை ஏற்கத் தயங்குகின்றோம். வானொலி நிலையங்களைத் தம்வசப்படுத்தி நிறுவனங்கள் பாடல்களை உயர்த்திய நீண்ட வரலாறு அமெரிக்க இசைத்தொழிலுக்கு உண்டு. நிறுவனம் பணத்தால் செய்ததை இரசிகர் தம் சேமிப்பாலும் தூக்கமின்மையாலும் செய்தனர். வேறுபாடு என்னவெனில், நிறுவனத்தின் ஊழியருக்குச் சம்பளம் உண்டு. கால அட்டவணை போட்டு, வழிகாட்டிக் குறிப்பு எழுதி, புதியவருக்கு வாக்களிக்கப் பழக்கும் இரசிகைக்கு அது இல்லை. விளம்பரப் பிரிவின் வேலையை அவள் கூலியின்றிச் செய்துகொடுக்கின்றாள்.

1944இல் அடோர்ணோவும் ஹோர்க்ஹைமரும் 'பண்பாட்டுத் தொழில்துறை' பற்றி எழுதியவற்றைப் படித்தவர்கள் இவ்விடத்தில் ஆய்வை முடித்துக்கொள்ள விரும்பலாம்: இரசிகர் ஏமாற்றப்பட்ட கூட்டம், வாக்கு ஒரு மயக்கமருந்து. முற்போக்காளர் பலரிடம் இம்முடிவு வாய்பாடாகிவிட்டது. அதனோடு நாம் உடன்படவில்லை. இரு நிகழ்வுகள் அதற்கு இடந்தரவில்லை.

முதலாவது சிறியது. 2010இல் பிரித்தானியத் தொலைக்காட்சிப் போட்டியான 'எக்ஸ் பாக்டர்' நடத்திய நேயர் வாக்கில் மூன்றாம் இடமே பெற்ற வண் டைரக்ஷன் குழு, சில ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்றது. அவர்களின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில் 'நோ கொன்ட்ரோல்' என ஒரு பாடல் இருந்தது. நிறுவனம் அதனைத் தனிப்பாடலாக வெளியிடவில்லை. 2015 மே மாதத்தில் இரசிகர் தாமே ஒரு நாளைக் குறித்து, தாமே அட்டைப்படம் வரைந்து, வானொலிகளுக்கு எழுதி, அதனை வெளியிட்டுக்கொண்டனர். பி.பி.சி. வானொலியும் ஒலிபரப்பியது. அவ்வாண்டு இளைஞர் வாக்கால் வழங்கப்படும் 'ரீன் சொய்ஸ்' விருதொன்றும் அப்பாடலுக்குக் கிடைத்தது. நிறுவனம் தந்த பட்டியலிலிருந்து தெரிவு செய்வதோடு நில்லாமல் பட்டியலையே திருத்தினார்கள் என்பதே இங்கு கருதற்பாலது. இலாபம் அப்போதும் நிறுவனத்துக்கே சென்றது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

இரண்டாவது நிகழ்வு பாரதூரமானது. அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். தென் கொரியாவின் எம்நெற் தொலைக்காட்சி 2016 முதல் 'புரொடியூஸ்' எனும் தொடரை நடத்தியது. பயிற்சி பெறும் இளைஞர் 101 பேரில் யார் புதிய குழுவில் இடம்பெறுவது என்பதை நேயர் வாக்கே தீர்மானிக்கும் என்றது நிலையம். நேயருக்கு அது சூட்டிய பெயர் 'தேசியத் தயாரிப்பாளர்'. பட்டத்தை நம்பியோர் தம் விருப்பத்துக்குரிய இளைஞனுக்காகப் பணம் சேர்த்து, சோல் நகரின் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரப் பலகை வைத்தனர். இறுதி நாளன்று குறுந்தகவல் வாக்கொன்றின் விலை 100 வொண்.

2019 ஜூலை 19ஆம் திகதி நான்காம் தொடரான 'புரொடியூஸ் எக்ஸ் 101' நிறைவுற்றது. முதலிடம் பெற்றவருக்கு 1,334,011 வாக்குகள், இரண்டாமவருக்கு 1,304,033. வேறுபாடு 29,978. மூன்றாமவருக்கு 1,079,200, நான்காமவருக்கு 1,049,222. வேறுபாடு மீண்டும் 29,978. கீழுள்ள சில இடங்களுக்கிடையிலும் அதே எண் திரும்ப வந்தது. இதனைக் கண்டுபிடித்தவர்கள் கணக்காய்வாளரல்லர், பத்திரிகையாளருமல்லர். தம் விருப்பத்துக்குரியவன் தோற்றதால் உறக்கமின்றி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த இரசிகர்கள். அவர்கள் மேலும் கணித்து, வாக்குத்தொகைகள் யாவும் ஏறக்குறைய 7494.44 என்ற ஒரே எண்ணின் மடங்குகள் எனக் காட்டினர். முதலாமவரது தொகை அதன் 178 மடங்கு, இரண்டாமவரது 174 மடங்கு, மூன்றாமவரது 144, நான்காமவரது 140. வாசகர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இலட்சக்கணக்கானோர் தனித்தனியே அளித்த வாக்குகள் இவ்வாறு சீராக விழுவதில்லை. யாரோ முதலில் விகிதங்களை எழுதி, பின்னர் அவற்றைப் பெருக்கி வாக்காக்கியிருந்தால் மட்டுமே இவ்வாறு அமையும்.

இரசிகர் குழுவொன்று அமைத்தனர். 200க்கும் மேற்பட்டோர் முறைப்பாட்டாளராகச் சேர்ந்து, 2019 ஓகஸ்ட்டில் வழக்குத்தொடுநரிடம் சென்றனர். நவம்பரில் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் கைதானார். நான்கு தொடர்களிலும் முடிவுகள் திருத்தப்பட்டமை விசாரணையில் வெளிவந்தது. எக்ஸ் வண் என்ற பெயரில் ஓகஸ்ட்டிற் பாடத்தொடங்கிய பதினொருவர் குழு 2020 ஜனவரியிற் கலைக்கப்பட்டது. 2020 மே மாதம் தயாரிப்பாளருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் உயர்ந்த நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. இடையில், 2020 நவம்பரில், மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு திருத்தப்பட்டதால் இடமிழந்த பன்னிருவரின் பெயர்களை வெளிப்படையாக வாசித்தது. அவர்களுக்கு இழப்பை ஈடுசெய்வதன் தொடக்கம் உண்மையை அறிவிப்பதே என்பது நீதிமன்றத்தின் கருத்து.

இவ்வழக்கில் விற்பனைப் பண்டமாகிய வாக்கு எதிர்பாராத ஒரு வேலையைச் செய்தது. நூறு வொண் வாங்கிக்கொண்டு வாக்கை எண்ணாது விட்டமை நேயரை ஏமாற்றிய செயலாயிற்று. வெறும் ஆசைகாட்டலாக மட்டும் இருந்திருப்பின் சட்டம் எட்டியிராது. நிலையம் தன் விளம்பரத்துக்காகச் சூட்டிய 'தேசியத் தயாரிப்பாளர்' என்ற பட்டத்தை நேயர் மெய்யாகவே எடுத்துக்கொண்டதுதான் நிலையத்துக்கு நேர்ந்த இடர். ஒழுங்கமைக்கவும் அட்டவணை போடவும் எண்களைப் படிக்கவும் அவர்களைப் பழக்கியது, கூலியற்ற உழைப்பென நாம் மேலே குறிப்பிட்ட அதே செயற்பாடே. அப்பயிற்சி பின்னர் எண்ணியவரை நோக்கித் திரும்பிற்று. ஏமாந்த கூட்டம் என்ற வாய்பாடு இதனை விளக்கமாட்டாது.

அதன்பின் இதே நிலையம் 2021இலும் 2023இலும் புதிய தெரிவு நிகழ்ச்சிகளை நடத்தியது. குறுந்தகவலுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிச் செயலியில் நாள்தோறும் வாக்களிக்கும் முறை வந்தது. வாக்குகளைச் சரிபார்க்க வெளியார் அமர்த்தப்பட்டனர். பல நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. ஆனால் கொரியாவில் அளிக்கப்பட்ட வாக்குகளின் மொத்தத்துக்கு ஒரு நிறையும் பிற நாடுகள் யாவற்றினதும் மொத்தத்துக்கு மற்றொரு நிறையும் வழங்கப்பட்டன. ஆகவே கொரியாவுக்கு வெளியே அளிக்கப்பட்ட ஒரு வாக்கின் பெறுமதி, அங்கே எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் செய்தது. அந்நிறைகளை நிர்ணயித்தது நிலையமே. அதுபற்றி எந்த வாக்கெடுப்பும் நடத்தப்படவில்லை.